பனிக்கட்டிக்குள் கொழுந்து

பழைய ஜன்னல் ஏசியில் பனி உறைவது நின்றபாடில்லை. கைக்குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு. அனோஜா விடுவதாக இல்லை. ஃபில்டரைக் கழுவினாள், பெல்மதுளை டவுனிலிருந்து ஏசி ஆளை வரவழைத்து கேஸும் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் பனிக்கட்டியை உடைத்தபோதும், முந்தைய நான்கு நாட்களைப் போலவே, உள்ளே ஒரு பச்சைத் தேயிலைக் கொழுந்து.

"காத்துல வந்திருக்கும் புள்ள," என்றான் கணவன் அந்தனி.

"காத்து இப்படி ஒடிக்குமா? இது விரலால ஒடிச்சதுங்க. தெனம் கொழுந்து எடுக்குற எனக்குத் தெரியாதா? எதிர் மலைத் தேயிலை, கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தவங்களோட மண்சரிவுல போயி ஆறு வருஷமாச்சு. நான் வேலைக்குப் போற தோட்டம் ரெண்டு மைல் தள்ளி, இந்தப் பக்கம் தேயிலையே இல்லையே."

வயரைப் பிடுங்கி, ஏசியைக் கழற்றி வாசல் வெயிலில் வைத்தாள். மத்தியானம் பார்த்தால் மறுபடியும் பனி. உடைத்தாள்.

உள்ளிருந்த கொழுந்தின் ஒடித்த காம்பில் சாறு இன்னும் கசிந்துகொண்டிருந்தது.