புது மாணவன்

ஆராதனை முடிந்ததும், ரிட்டயர் ஆன டீச்சர் சாக்பீஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சர்ச் வாசலிலேயே மகன் மறித்தான்.

“ஊருக்கு உழைச்சு ஓடாத் தேஞ்சது போதும்மா. அவனுக்குப் போய் நீ பாடம் நடத்தணுமா?”

“நடத்தத்தான் போறேன். வழியை விடு.”

“அப்பா இருந்திருந்தா விட்டிருப்பாரா?”

“ஸ்கூல் வாசல்ல போர்டு பிடிச்சு நின்னு, தினமும் பிள்ளைங்களை ரோடு தாண்ட விட்ட மனுஷன். அவர் எதுக்குடா தடுக்கப் போறாரு?”

“அவர் மேல லாரியை ஏத்துனதே அவன்தானேம்மா.”

“அந்த போர்டைப் படிக்கத் தெரியாதுன்னு கோர்ட்ல சொன்னான்ல? இனிமே அப்படிச் சொல்ல விடமாட்டேன்.”

ஜெயில் வகுப்பறையில் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினார்.

“நிமிர்ந்து பாரு. சத்தமா படி. ‘நில்’.”