சுண்டல் சண்டை

"இன்னாய்யா சுண்டல் இது? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல! ஊரை ஏமாத்தவா முகாம் வெச்சீங்க?"

ராஜகுமாரி போட்ட சத்தத்தில் கோவில்பதாகை சமுதாயக் கூடமே திரும்பிப் பார்த்தது.

ஷர்மிளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவள்தான். இந்த மருத்துவ முகாமுக்காக நாயாய் அலைந்திருந்தாள். மார்பகப் பரிசோதனைக்கு டாக்டர் வித்யாவை, ஸ்கேன் மிஷினோடு, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள்.

கண் பரிசோதனைக்குக் கூட்டம் நெரிந்தது. டாக்டர் வித்யாவின் அறைக்குள் மட்டும் ஒருத்திகூட நுழையவில்லை. மதியம் அவர் கிளம்பிவிடுவார். இந்த லட்சணத்தில் இந்தச் சண்டை வேறு.

"அக்கா, கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்..."

"இன்னாத்துக்கு மெதுவா? எல்லாரும் வாங்கய்யா! வந்து வாயில போட்டுப் பாருங்க!"

டாக்டர் வித்யாவின் அறை வாசல் பெஞ்சில் கண் பரிசோதனைக்குக் காத்திருந்த ஆண்கள் மொத்தப் பேரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மளிகைக் கடை எத்திராஜ் ஒரு வாய் தின்றுவிட்டு, "நல்லாத்தானேம்மா கீது?" என்றார்.

"உன் நாக்குக்கு இன்னா தெரியும்? கம்முனு கெட!"

ஓசிச் சுண்டலுக்கு அரை மணி நேரமாக இவ்வளவு ஆர்ப்பாட்டமா! ஷர்மிளாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும்! வெளிய போங்கக்கா!"

ராஜகுமாரி அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சட்டென்று அடங்கினாள்.

"சரி, உடு" என்றவள், இன்னொரு தொன்னைச் சுண்டலை வாங்கித் தின்றபடியே நடந்தாள்.

ஷர்மிளா திரும்பினாள். டாக்டர் வித்யாவின் அறைக் கதவைத் திறந்துகொண்டு பக்கத்துத் தெரு கண்ணம்மா வெளியே வந்தாள். உள்ளே ஒரே பெண்கள் கூட்டம்!

கண்ணம்மாவின் கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்தது.

"ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டாங்கம்மா. வெறும் நீர்க்கட்டிதானாம், பயம் இல்லையாம். எத்தினி மாசமா தூக்கமில்லாம கெடந்தேன் தெரியுமா?"

ஷர்மிளாவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"காலையிலேயே வந்திருக்கலாமே கண்ணம்மா?"

"எப்பிடி வர்றது? என் மச்சினரு, மளிகைக் கடைக்காரரு, அத்தினி பேரும் வாசல்லயே உக்காந்துகினு இருந்தாங்க. அவங்க எதிர்ல இந்த ரூமுக்குள்ள நுழைய முடியுமா? ராஜகுமாரி அக்காதான் சொல்லிச்சு: 'கடைசிப் பொம்பள உள்ள போற வரிக்கும் நான் வாயை மூட மாட்டேன், போங்கடி'ன்னு!"