நூற்றுப் பதினேழாவது தாள்

"அது யாருன்னு மட்டும் சொல்லு. உன் ஆய்வேட்டுல இப்பவே கையெழுத்துப் போடுறேன்," என்றார் பேராசிரியர்.

எதிரே நின்ற ஆய்வு மாணவி தலையை ஆட்டி மறுத்தாள்.

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் 'ஏன் சார்'. எதையும் அப்படியே நம்பாதே, ஏன் என்று கேள், நானே சொன்னாலும் கேள் என்று வகுப்புக்கு நாலு தடவை சொல்வார். போன வருஷம் ஒரு பெண் அதை நம்பி, ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டாள். அவள் இப்போது வேறு துறையில் படிக்கிறாள்.

பல்கலைக்கழக மாணவர்கள் எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார்கள், அந்த யோசனைக்கும் அவர்களுடைய மனப்பான்மைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் அவருடைய இந்த வருஷத்து ஆராய்ச்சி. முந்நூற்றுப் பத்துத் தாள்கள். ஒன்றிலும் பேர் கிடையாது, எண் மட்டும்தான். 'உங்கள் பதில்கள் யாருக்கும் காட்டப்படமாட்டா' என்று மேலே அச்சடித்து, கீழே அவரே கையெழுத்தும் போட்டிருந்தார். பெட்டியில் விழுந்த தாள்களுக்கு எண் போட்டு, கணினியில் ஏற்றி, பீரோவில் பூட்டியது ஆய்வு மாணவி.

அவள் கணினியில் தட்டிக் கொடுத்த பட்டியலைப் பார்த்த பேராசிரியரின் கண் நூற்றுப் பதினேழாம் எண்ணில் போய்க் குத்திட்டு நின்றது. மதிப்பெண்ணில் எல்லோருக்கும் கீழே கிடந்தது அது. எழுதிச் சொல்லவேண்டிய பதில்கள் அதைவிட மோசம். 'உங்கள் கருத்தை நீங்கள் மாற்றிக்கொண்ட ஒரு சந்தர்ப்பம்?' என்ற கேள்விக்கு, 'அப்படி ஒரு தேவை ஏற்படவில்லை' என்று ஒரே வரி. 'உங்களைவிட இளையவர் உங்கள் தவறைச் சுட்டிக்காட்டினால்?' என்ற கேள்விக்கு, 'அவருக்கு விஷயம் புரியவில்லை என்று அர்த்தம்.'

பேராசிரியர் அதை உரக்கப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். மண்டையில் களிமண் இருந்தால்கூட ஏதாவது முளைக்கும், இது சுத்தக் கருங்கல் என்றார். இருபது வயதிலேயே இந்த லட்சணம் என்றால் ஐம்பதில் இந்த ஆளோடு குடும்பம் நடத்துகிறவர்கள் பாவம் என்று இரக்கப்பட்டார். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இதைப் போட்டு, கருத்தரங்கில் ஊர் சிரிக்க வாசித்துக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

அப்போதுதான் ஆய்வு மாணவி தயங்கித் தயங்கி, அந்த ஒரு தாளை மட்டும் நீக்கிவிடலாமே என்றாள்.

பிடித்துக்கொண்டார். ஏன் நீக்கவேண்டும்? அவள் காரணம் சொல்லவில்லை. அப்படியானால் கையெழுத்தைப் பார்த்தே ஆள் யாரென்று கண்டுபிடித்திருக்கிறாள். வேண்டப்பட்ட ஆளாக இருக்கும், அதனால்தான் பூசி மெழுகுகிறாள். பேராசிரியர் ஆழமாக யோசிக்கிறவர் அல்லவா, ஒரே நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

"யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டு நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். மறைக்கிறது உதவி இல்லம்மா."

"யாருக்கும் காட்டமாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கோம் சார்."

"அது வெளியாளுக்கு. நான் வெளியாளா?"

"தாளை எடுத்துடலாம் சார். அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

பேராசிரியர் அவளுடைய ஆய்வேட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமைக்குள் அதில் அவர் கையெழுத்து விழாவிட்டால், அவளுக்குக் கிடைத்திருந்த விரிவுரையாளர் வேலை கைநழுவிப் போய்விடும். இரண்டு பேருக்கும் அது தெரியும். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படியில் அவள் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும், பேராசிரியர் துறை அலுவலகத்துக்குப் போய் மாற்றுச் சாவியை வாங்கிவந்தார். உண்மையைத் தேடுகிறவரை ஒரு பூட்டு தடுக்கலாமா?

பீரோவுக்குள் தாள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. நூற்றுப் பதினாறுக்கு அடுத்தது மட்டும் ஓர் உறைக்குள் இருந்தது. உறையின் மேல் மாணவியின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'தவறிக் கலந்துவிட்டது. கட்டுரையில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்தால் சார் மனசு கஷ்டப்படும்.'

தாளை உருவினார்.

வலது பக்கம் சாய்ந்து, வால் நீண்ட எழுத்து. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் அவரே எழுதிவரும் எழுத்து. மாணவர்களுக்குக் கூச்சம் தெளியட்டும் என்று, முதல் நாள் அவரும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளை நிரப்பிப் பெட்டியில் போட்டது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆய்வேடு மேசைமேல் இருந்தது.

"நல்லா யோசிச்சுப் பார்த்தேன்," என்றார். "அந்தத் தாளை எடுத்துடு. அந்த ஆளை நாமதான் தப்பா எடை போட்டுட்டோம். ரொம்பத் தெளிவான மனுஷன். கேள்விங்கதான் சரியில்ல."

"சரிங்க சார்."

பேனா மூடியைத் திருகிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஆமா, அது யாருன்னு நிஜமாவே உனக்குத் தெரியுமா?"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"தெரியாது சார்."

'இம்மாணவியின் சிந்தனைத் திறன் வியக்கத்தக்க வளர்ச்சி அடைந்துள்ளது' என்று எழுதி, பேராசிரியர் கையெழுத்துப் போட்டார்.