எலுமிச்சைப்புல் வாசனை

"அண்ணி, என் எண்ணெய்ப் பாட்டில் மறுபடியும் காலி. பன்றி ஏதாவது குடிச்சிருக்குமோ?"

தீவன அறை வாசலில் நின்றபடி நாத்தனார் கேட்டாள். அண்ணி வாயைத் திறக்காமல் சிரித்தாள். அவள் தலையிலிருந்து வந்த எலுமிச்சைப்புல் வாசனையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

தலைக்கு எண்ணெய் என்றாலே காத தூரம் ஓடுகிறவள் அண்ணி. கால்நடை டாக்டர். இந்தப் பன்றிப் பண்ணை வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மருந்து வாசனையைத் தவிர வேறு வாசனை அவளிடம் வந்ததில்லை. இப்போது என்னடாவென்றால் நாத்தனாரின் எண்ணெய், நாத்தனாரின் சோப்பு. போன வாரம் நாத்தனாரின் நீலச் சால்வையும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாய்விட்டுக் கேட்டால் அல்பம் என்பார்கள், கேட்காமல் இருந்தாலோ மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் தவிட்டுத் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தாய்ப்பன்றிகள் மூச்சு விடும் சத்தம் சீராகக் கேட்டது. மத்தியானத்தில் அந்த அறைக்குள் வந்தால் யாருக்கும் கண் சொக்கும். தவிட்டு மூட்டைமேல் அண்ணியின் இரண்டு வயது மகள் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்தபடி சாய்ந்திருந்தாள். எல்லோரும் அவளைச் சின்னக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டின் பெரிய கவலையே அவள்தான். அம்மா கையைத் தவிர வேறு யார் கையாலும் ஒரு வாய் வாங்கமாட்டாள். அத்தையான நாத்தனார் கரண்டியை நீட்டினால் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். அடுத்த வாரம் அண்ணியும் அண்ணனும் நகரத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வேலை இருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அதுவரை பிள்ளை பட்டினி கிடந்தால் என்ன செய்வது?

பன்றிக் கொட்டிலிலும் இதே கதைதான். தாயிடமிருந்து பிரித்ததும் குட்டிகள் தீவனத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பட்டினியில் குடல் கெட்டுப்போகும். அப்புறம் பசி தாங்காமல் அள்ளித் தின்னும், கழிச்சல் கண்டு சுருண்டு விழும். போன தடவை பாதிக் குட்டிகள் அப்படித்தான் போயின. அதற்காகவே அண்ணி சோம்பு வாசனைப் பொடி ஒன்றை வரவழைத்திருந்தாள். அதை இப்போதிருந்தே தாய்ப்பன்றியின் தீவனத்தில் கலக்கவேண்டும் என்றாள்.

"வயிறு கெடுறது குட்டிக்கு, பொடி தாய்க்கா? தலைவலிக்கு முழங்கால்ல தைலம் தடவுற மாதிரில்ல இருக்கு" என்றாள் நாத்தனார்.

அண்ணி பொறுமையாகச் சொன்னாள். தாய் தின்பதன் வாசனை பாலில் இறங்கும். குட்டி அந்த வாசனையையும் தாயையும் ஒன்றாகவே மனசில் வைத்துக்கொள்ளும். நாளைக்குத் தாய் இல்லாத இடத்தில் குட்டியின் தீவனத்திலும் அதே வாசனை வந்தால், இது நமக்குத் தெரிந்ததுதான் என்று நம்பி வாய் வைக்கும். வாய் வைத்துவிட்டால் போதும், குடல் தப்பிவிடும்.

"நாலு நாள் கத்திட்டுத் தானா பழகிக்காதா அண்ணி?"

"திரும்பி வர்ற தாயா இருந்தா அது எப்படியோ சமாளிச்சுக்கும்மா. வராத தாய்க்குத்தான் இந்தப் பொடி."

சொல்லிவிட்டு அண்ணி மகளின் உச்சந்தலையை முகர்ந்தாள். அண்ணி ரொம்பவே இளைத்திருந்தாள். சட்டை தோளில் நிற்காமல் தொளதொளத்தது. ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவள் வேளாவேளைக்குச் சாப்பிடக் கூடாதா என்று நாத்தனார் அதட்டினாள். அதற்கும் சிரிப்புதான் பதில். சரி, சால்வையையாவது திருப்பித் தரும்படி கேட்டாள்.

"போறப்ப வெச்சுட்டுப் போறேன். துவைச்சிடாதே."

அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் காலையிலிருந்தே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அன்றுதான் குட்டிகளையும் பிரித்தார்கள். கொஞ்ச நேரம் கத்தித் தீர்த்தன. அப்புறம் ஒரு குட்டி தீவனத் தொட்டியருகே வந்து மூக்கைச் சுருக்கி முகர்ந்தது, வாய் வைத்தது. அதைப் பார்த்து மற்றவையும் முண்டியடித்தன. அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைகால் கழுவிவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

சின்னக்குட்டி முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அத்தை குளிருக்கு நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தாள். குழந்தை மெதுவாக எழுந்து வந்தாள். சால்வையை முகர்ந்தாள். அப்புறம் அத்தையின் தலைமுடிக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியான பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. அடிப்பாவி அண்ணி, இதற்குத்தானா என் எண்ணெய், என் சோப்பு, என் சால்வை? நாலு நாள் பயணத்துக்கு இவ்வளவு தந்திரமா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடியில் குழந்தை கண் சொருகிக் கிடக்க, உடனே போனை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, போனை அண்ணிகிட்ட குடு. சின்னக்குட்டி ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டுட்டா. பாட்டில் பாட்டிலாத் திருடினவங்களை நாலு வார்த்தை கேக்கணும். ஆமா, எப்பதான் வர்றாங்க?"



"இங்க வர்றதுக்கு முன்னாடியே டாக்டருங்க கைவிரிச்சுட்டாங்களேம்மா. அவ இனிமே வீட்டுக்கு வரமாட்டா" என்றான் அண்ணன். "உங்கிட்ட எல்லாத்தையும் தீவன அறையிலேயே சொல்லிட்டேன்னு சொன்னாளே."