கங்காணி வீட்டுப் பெரட்டு

"மரவள்ளிக் கிழங்கு!"

"ஆஜர்!"

"நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பு!"

"அரைச் சட்டி ஆஜர்!"

அடுப்படியில் கிருஷ்ணம்மா சட்டிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட, இளைய மகள் செல்லம் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தரையில் வரிசை கட்டிக்கொண்டிருந்தாள். காலையில் மீந்த தோசை, கோயில் சுண்டல், பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரம்மா கொடுத்தனுப்பிய பொரித்த வாழைப்பழம் எல்லாம் அணிவகுத்து நின்றன.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். குளுவாங் ஊரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பெரிய கங்காணி வீரமுத்து பெரட்டுக்கு நின்றால் ஈ பறக்காது என்பார்கள். அந்த மனிதரின் வீட்டிலேயே, மிச்சம் மீதியைக் கூட்டிச் சாப்பிடும் சாப்பாட்டுக்குப் பெரட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு நாள். ரப்பர் விலை விழுந்தபின் அடிக்கடி.

"மெதுவா கூப்பிடுங்கடி! லயத்து வீடு பூரா கேக்குது," என்று கூடத்திலிருந்து சீறினார் வீரமுத்து.

"கேக்கட்டுமே! அவங்களும் ஆஜர் சொல்லிட்டுப் போறாங்க," என்றாள் கிருஷ்ணம்மா.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. "அண்ணே, இருக்கீங்களா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தங்காக் தோட்டத்திலிருந்து கருப்பாயி வந்திருந்தாள். மூத்தவள் தனலெட்சுமிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தாயார். கூடவே அவள் தம்பி சின்னத்தம்பி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருவதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதற்கு முன் வந்தால் ஒரு மடக்குத் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆடுகூடச் சொல்லிவைத்திருந்தார். இன்று திங்கட்கிழமை!

"எல்லாத்தையும் மூடு," என்று அடுப்படிக்குள் தலையை நீட்டி அதட்டினார். "பெரட்டுங்கிற பேச்சு வெளிய வந்துச்சு, தொலைச்சுப்புடுவேன். பெரிய கங்காணி குடும்பம் பழசத் திங்குதுன்னு தங்காக் வரைக்கும் போயிரும்."

கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து அவர்களை உட்காரவைத்தார். அப்போதுதான் கவனித்தார். பூ இல்லை, பழம் இல்லை. இருவரும் வெறுங்கையோடு வந்திருந்தார்கள்.

விஷயம் எட்டிவிட்டதோ? நம் வீட்டை வேவு பார்க்கத்தான் சொல்லாமல் வந்தார்களோ? அவருக்கு நாற்காலி கொள்ளவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். சரியாக மாட்டியிருந்த பொத்தானைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

"அண்ணே, ஒரு சேதி சொல்லணும்னு…" என்று இழுத்தாள் கருப்பாயி.

"சேதி இருக்கட்டும் தங்கச்சி. ஞாயித்துக்கிழமை பாருங்க, ஊரே மூக்குல விரல் வைக்கும்! எங்க வீட்டுல ஆக்கினது அன்னன்னிக்கே முடிஞ்சிரும். பழசுன்னா என்னன்னே எங்க புள்ளைங்களுக்குத் தெரியாது."

"அம்மா! பெரட்டு ஆறிப் போவுது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் செல்லம்.

வீரமுத்துவின் மீசை துடித்தது.

"ஆறிப் போற பெரட்டா? அது என்னண்ணே?" என்றாள் கருப்பாயி.

தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற கிருஷ்ணம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மீந்ததக் கூட்டித் திங்கிறதுக்கு எங்க வீட்டுல வச்ச பேருங்க. இவரு மானம் போச்சுங்கிறாரு. வாங்க, வந்து பாருங்க. ஒளிக்க என்ன இருக்கு?"

"அடியேய்!" என்று எழுந்தார். அதற்குள் கருப்பாயி அடுப்படி வாசலுக்குப் போய்விட்டாள். தரையில் இருந்த சட்டிகளை ஒன்றுவிடாமல் பார்த்தாள். அப்படியே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சின்னத்தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கிருஷ்ணம்மா தட்டு வைத்தாள். கிழங்கு போயிற்று, சுண்டல் போயிற்று, குழம்புச் சட்டி காலியானது.

கேலிக்குத்தான் சாப்பிடுகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற வீரமுத்துவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. அடடா, கை நனைந்துவிட்டதே! நம் வீட்டு மிச்சத்தைத் தின்றே சம்பந்தத்தை முடித்துக்கொள்கிறாளே, இவளல்லவா பெரிய மனுஷி!

"கை நனைச்சாச்சு! சம்பந்தம் முடிஞ்சுது!" என்று தொடையைத் தட்டினார். "தனலெட்சுமி, இங்க வா! அத்தைய வந்து கும்பிட்டுக்க!"

கருப்பாயியின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. பசியில வழக்கத்தையே மறந்துட்டோம். சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தான் வந்தோம். எங்க தோட்டத்த மூடிட்டாங்க. மகனுக்கு வேலை போச்சு. வர்ற கப்பல்ல எல்லாரையும் ஊருக்கே, நாகப்பட்டணத்துக்கு ஏத்தி விடுறாங்க. எங்ககூட வந்து உங்க பொண்ணு பட்டினி கிடக்கக் கூடாதுன்னு அவன்தான் சொல்லி அனுப்பினான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுல இந்தச் சாப்பாட்டுக்குச் 'சந்தை'ன்னு பேரு. சந்தை கூடி எத்தனையோ நாளாச்சு. மிச்சம் விழுந்தாத்தானே அண்ணே?"

கதவோரம் வந்து நின்ற தனலெட்சுமி தகப்பனார் முகத்தையே பார்த்தாள்.

வீரமுத்து முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கை நனைச்சப்புறம் பேச்ச மாத்துறதா? என் வீட்டுல அது நடக்காது தங்கச்சி," என்றார். "உங்க தோட்டத்து ஆளுங்க கப்பல் ஏறட்டும். என் மருமகன் ஏற மாட்டாரு. என் பெரட்டுல அவரு பேரையும் கூப்பிடுவேன்."