எதோடும் சேராத நீலம்

முதலில் எங்களை வெட்டினார்கள். அடுத்து, கழிவு என்று சொல்லிச் சாக்கில் அடைத்தார்கள். அதற்கும் அடுத்து, தையல் மெஷினின் எண்ணெயை எங்களைக் கொண்டே துடைத்தார்கள். காக்கித் துண்டாகிய நான் எதையும் மறக்கவில்லை.

ஒருநாள் கிளாரினெட் வாசிக்கும் சவரியப்பன் வந்தார். "மிச்சத் துணியெல்லாம் சேத்து எனக்கு ஒரு கோட் சூட் தைங்க பாய்" என்றார்.

டெய்லர் மீராசா எங்களை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்தார். விரலளவு நீலத்துக்கு மட்டும் இடமில்லை.

"நீ குப்பைக்குத்தான்டா" என்றது வெல்வெட். போன வாரம்வரை அதுவும் எண்ணெய் துடைத்ததுதான்.

யாருடைய துணி என்று தெரிய, அதில் ஒரு நறுக்கை ரசீதில் குத்துவது கடை வழக்கம். எங்களில் யாரை நறுக்குவது? தரையில் கிடந்த நீலத்தையே மீராசா குத்திவிட்டார்.

ரசீதுகளைத் துணிகளோடு சேர்த்துக் கட்டுவது அவர் மனைவி மைமூன். நீலத்தை ஒவ்வொரு சட்டையிலும் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. நீலம் நடுங்கியது.

"இங்க வாடா, நான் கொஞ்சம் ஒதுங்கிக்கிறேன்" என்றது வெல்வெட், மெதுவாக.

மைமூன் சிரித்தார். "எதோடயும் சேரலையா? அப்ப நீ இந்தக் கோட்டோட துணிதான்."

குண்டூசியைக் கழற்றி, நீலத்தை எங்கள் நெஞ்சில் வைத்துத் தைத்தார். தொங்கிய சட்டைகளெல்லாம் சாட்சியாக, இனி எங்கள் எல்லோருக்கும் உரிய ஒரே பெயரை ரசீதிலிருந்து உரக்கப் படித்தார்:

"சவரியப்பன்!"