நீல நூல் முடிச்சு

பனியன் கம்பெனித் தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் பத்து மணி வெயிலில் அமராவதி ஒரு பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இடது அக்குளுக்குக் கீழே மூன்று தையல் விட்டுப்போயிருக்கிறது. கழுத்தின் உள்பக்கம் அர்த்தநாரியின் நீல நூல் முடிச்சு. யார் தைத்தது என்று தெரிவதற்காக டெய்லர்கள் ஆளுக்கொரு நிறத்தில் போடும் முடிச்சு அது. பிழையான பனியனைச் செக்கிங் பார்க்கிறவள் தைத்தவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செக்கிங்கில் இருக்கும் அமராவதி வரட்டும் என்றே அர்த்தநாரி தினமும் ஒன்றில் மூன்று தையலை விடுவான். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவன் செத்து நாலு மாதமாகிறது. இந்தப் பனியனின் துணியோ நேற்றுத்தான் சாயப்பட்டறையில் வெளுத்து வந்தது. பிளீச்சிங் பவுடர் வாசம்கூடப் போகவில்லை. "புது டெய்லரு அந்த நூல்கண்டை எடுத்திருப்பான், கண்ணு," என்கிறாள் பக்கத்தில் மடித்துக்கொண்டிருக்கும் குப்பாயி. "நேத்துத்தானே சாமளாபுரத்து மாப்பிள்ளைக்குச் சரின்னே? இன்னிக்கு ஏன் மூஞ்சி பேயறைஞ்சாப்பல இருக்குது?" அமராவதிக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்திலா சந்தோஷத்திலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "தெச்சவங்ககிட்டக் குடுத்துட்டு வா, அம்மிணி," என்று மெஷின் சத்தத்துக்கு மேலே மேஸ்திரி கத்துகிறார். அவள் எழுந்து, புது டெய்லரைத் தாண்டி, எல்லாரும் உட்கார மறுக்கும் அர்த்தநாரியின் மெஷினிடம் போகிறாள். உறையை எடுக்காமல் அதன்மேல் பனியனை வைக்கிறாள். பிறகு, வழக்கம்போல, தைத்துத் தரும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.